ஒரே ரோடு, பல ரூட்: பஸ் நேரங்களைப் பொருத்தும் கணக்கு

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி நிறுத்தத்தில் நிற்பவரைக் கேட்டால், இந்த ரோட்டில் பஸ்ஸே போதவில்லை என்பார். பஸ் விடுகிறவர்களைக் கேட்டால், மணிக்கு இத்தனை நடை ஓடுகிறது, இன்னும் எத்தனைதான் விடுவது என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆரணி வண்டி, போளூர் வண்டி, டவுன் பஸ் மூன்றும் ஒன்றன் வால் பிடித்து ஒன்று வந்துவிட்டுப் போய்விட்டால், அடுத்த அரைமணி நேரத்துக்கு ரோடு காலி. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். இடைவெளிதான் கெட்டுப்போயிருக்கும்.

பல ரூட்டுகள் சேர்ந்து ஓடும் சாலைப் பகுதியை இந்தக் கட்டுரையில் பொதுத்தடம் என்று சொல்லிக்கொள்வோம். வேலூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே 1, 2 எண் டவுன் பஸ்கள் ஓடுகின்றன. அதே சாலையில், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிவரை சித்தூர், திருப்பதி வண்டிகள் வருகின்றன. லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகக் குடியாத்தம் போகிறவையும், திருவலம், சேர்க்காடு பக்கம் போகிறவையும் அங்கேதான். தெற்கே பார்த்தால், அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாகக் கண்ணமங்கலம்வரை ஒரே ரோடு. அங்கே ஆரணிக்கு ஒரு பக்கமும், போளூர், திருவண்ணாமலைக்கு ஒரு பக்கமும் பிரிகிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிற நோயாளிக்கு, வருவது ஆரணி வண்டியா போளூர் வண்டியா என்பதில் என்ன இருக்கிறது? நின்றால் ஏறிக்கொள்வார். ரூட் நம்பர் முக்கியமாவது கண்ணமங்கலத்துக்கு அப்பால் போகிறவருக்குத்தான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நேர அட்டவணை ரூட் வாரியாகப் போடப்படுகிறது. ஆனால் பொதுத்தடத்தில் நிற்கும் பயணி, ரூட் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கிறார்.

முதலில் காத்திருக்கும் நேரத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சமமாக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பஸ் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி பத்து நிமிடம். மும்மூன்றாக அரைமணிக்கு ஒருமுறை வந்தால் பதினைந்து. டீசல் செலவு அதேதான், டிரைவர் கண்டக்டர் சம்பளமும் அதேதான். நிற்கிறவருக்கு மட்டும் மூன்று மடங்கு.

முழுக்க ஒட்டிக்கொண்டு வராமல், 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறிமாறி இடைவெளி விழுந்தால்? சராசரி இடைவெளி பத்துதானே, காத்திருப்பும் ஐந்து நிமிடமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அப்படி வராது. இருபது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் நீண்ட இடைவெளிக்குச் சொந்தம். அதனால் நிறுத்தத்துக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். அந்த ஒன்பது பேர் சராசரியாக ஒன்பது நிமிடமும், மீதி ஒருவர் ஒரு நிமிடமும் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சராசரி 8.2 நிமிடம். நான் வரும்போதெல்லாம் பஸ் இப்போதுதான் போனது என்கிறார்கள் என்று நொந்துகொள்வோமே, அதற்குக் காரணம் ராசி இல்லை, இந்தக் கணக்குதான்.

சரி, இடைவெளியைச் சமமாக்குவது எப்படி? எளிய நிலையிலிருந்து போவோம். இனி வரும் நிமிடக் கணக்கெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த டெப்போவின் அட்டவணையும் இல்லை.

ஆரணிக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி, போளூருக்கும் இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஆரணி வண்டி 8:00, 8:20, 8:40 என்று கிளம்பினால், போளூர் வண்டியை 8:10, 8:30, 8:50 என்று வைத்தால் போதும். கண்ணமங்கலம்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிடைத்துவிடும். புது வண்டி ஒன்றுகூட வாங்க வேண்டாம், ஒரு ரூட்டைப் பத்து நிமிடம் நகர்த்தினால் முடிந்தது.

இப்போது போளூருக்குக் கூட்டம் குறைவு, அரைமணிக்கு ஒன்று போதும் என்று முடிவெடுக்கிறார்கள். ஆரணிக்கு 20, போளூருக்கு 30. மணிக்கு ஐந்து பஸ், சமமாகப் பிரித்தால் 12 நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். எவ்வளவுதான் நகர்த்திப் பார்த்தாலும் அப்படி வராது. போளூர் வண்டியை 8:10, 8:40 என்று வைத்தால் 8:40இல் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். 8:05, 8:35 என்று வைத்துப் பார்த்தால் இடைவெளிகள் 5, 15, 15, 5, 20 என்று விழும். இதைவிட நன்றாகப் பொருத்த முடியாது.

ஏன் முடியாது என்பதற்குப் பள்ளியில் படித்த மீ.பொ.வ. கணக்கே பதில் சொல்லும். 20, 30 இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் 10. அதில் பாதி 5. எப்படி நகர்த்தினாலும் ஏதாவது ஒரு தருணத்தில் இரண்டு வண்டிகளும் 5 நிமிடத்துக்குள் நெருங்கியே தீரும். 20, 20 என்றால் மீ.பொ.வ. 20, பாதி 10. அதனால்தான் முதல் உதாரணம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. 20, 40 என்றாலும் பாதி 10தான். அங்கே இடைவெளிகள் 10, 10, 20 என்று வரும், மோசமில்லை.

இதிலிருந்து வரும் ஒரு விளைவைப் பலரும் நம்ப மாட்டார்கள். இரண்டு ரூட்டும் இருபது நிமிடத்துக்கு ஒன்றாகச் சமமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆரணிக்காரர்கள் மனு கொடுத்து அவர்கள் ரூட்டை 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஆக்கிவிடுகிறார்கள் என்று வையுங்கள். மணிக்கு ஆறாக இருந்தது ஏழு பஸ் ஆகிறது. 15, 20 இரண்டுக்கும் மீ.பொ.வ. 5, பாதி இரண்டரை. இருப்பதிலேயே நல்ல முறையில் பொருத்தினாலும் ஒரு மணி நேரத்தில் இருமுறை இரண்டரை நிமிட இடைவெளியும், ஒருமுறை 15 நிமிட இடைவெளியும் விழும். சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து 5.5 நிமிடமாக ஏறுகிறது. பஸ்ஸைக் கூட்டியும் கணியம்பாடிக்காரருக்குக் காத்திருப்பு கூடிவிட்டது. ஆரணியில் இறங்குகிறவருக்கு லாபம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ரூட்டின் மனுவை அந்த ரூட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

எனவே பொதுத்தடத்தில் ஓடும் ரூட்டுகளுக்கு ஒரே தாளம் வேண்டும். எல்லா ரூட்டும் 15, 30, 60 என்றோ, 10, 20, 40 என்றோ ஒரே குடும்பத்து எண்களில் ஓட வேண்டும். ஒன்று 20, ஒன்று 25, இன்னொன்று 35 என்று அவரவர் வசதிக்கு வைத்தால் எந்தக் கணினி மென்பொருளாலும் சமமாக்க முடியாது. மணிக்குள் சரியாக அடங்கும் எண்ணை எடுத்தால் இன்னொரு பயன்: எல்லா மணியிலும் அதே நிமிடத்தில் பஸ் வரும், மனப்பாடமாகிவிடும். சுவிட்சர்லாந்தில் 1982இல் நாடு முழுவதும் ரயில்களை இந்த முறைக்கு மாற்றினார்கள்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை? வண்டிக் கணக்கு இடிக்கும். வேலூர்–ஆரணி போய்த் திரும்பி, ஓய்வும் சேர்த்து ஒரு வண்டிக்கு 150 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். இருபது நிமிடத்துக்கு ஒன்று விட 150ஐ 20ஆல் வகுக்க வேண்டும்: ஏழரை வண்டி. அரை வண்டி ஓட்ட முடியாது. எட்டு விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி பத்து நிமிடம் கூடுதலாகச் சும்மா நிற்கும். ஏழு விட்டால் இடைவெளி 21 நிமிடம் சொச்சமாகி, நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தாளத்தைக் கெடுத்துவிடும். ஒரு வண்டி எத்தனை நடை அடிக்கிறது, எவ்வளவு கலெக்‌ஷன் என்று பார்க்கிறவர்களுக்கு, நிற்கிற பத்து நிமிடம் வீண். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழியில் தாமதமானால் அதைச் சரிக்கட்டிக்கொள்ள அந்தப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. டிரைவர் ஒரு டீ குடிக்கவும் அதுதான்.

அடுத்தது திரும்பும் திசை. அட்டவணை போடுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். வேலூரிலிருந்து கிளம்பும்போது எல்லா வண்டிகளும் ஊருக்குள்ளிருந்தே புறப்படுவதால், டைம் கீப்பர் விசில் ஊதி ஒழுங்காக அனுப்பிவிடலாம். திரும்பும்போது ஒன்று ஆரணியிலிருந்து கிளம்புகிறது, ஒன்று போளூரிலிருந்து. சேருமிடம் கண்ணமங்கலம். அங்கே மாறிமாறி வந்து சேர்ந்தால்தான் வேலூர்வரை இடைவெளி சமமாக இருக்கும்.

கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்கு 30 நிமிடம், போளூருக்கு 45 நிமிடம், இரண்டு ஊரிலும் பத்து நிமிட ஓய்வு என்று வைத்துப் பார்ப்போம். 8:00 மணிக்குக் கண்ணமங்கலத்தைத் தாண்டிய ஆரணி வண்டி 9:10க்குத் திரும்ப அங்கே வரும். அடுத்தடுத்தவை 9:30, 9:50. 8:10க்குத் தாண்டிய போளூர் வண்டி 8:55க்குப் போய், 9:05க்குக் கிளம்பி, 9:50க்கு வரும். அதாவது ஆரணி வண்டியோடு அதே நிமிடத்தில். போகும்போது பத்து நிமிட இடைவெளியில் அருமையாகப் போனவை, வரும்போது ஜோடி போட்டு வருகின்றன. அட்டவணையில் ஒரு தப்பும் தெரியாது, ஏனென்றால் இரண்டு ரூட்டும் தனித்தனித் தாளில் இருக்கின்றன. இதற்குத் தீர்வு, போளூரில் ஓய்வை இருபது நிமிடமாக்குவது. வண்டி 10:00 மணிக்குக் கண்ணமங்கலம் வரும், ஆரணி வண்டிகள் 9:50க்கும் 10:10க்கும் வரும். நடுவில் சரியாக உட்கார்ந்துகொள்ளும். ஓய்வு நேரத்தை ஊருக்கு ஊர் மாற்றி வைப்பதுதான் இந்த வேலையின் முக்கால்வாசி.

எந்த இடத்தில் சமமாக்குவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பஸ் ஸ்டாண்டில் சமமாகக் கிளம்பி, ஒன்று ஊருக்குள் சுற்றியும் ஒன்று நேராகவும் போனால், ரோட்டில் சேரும்போது சமமாக இருக்காது. கூட்டம் அதிகம் ஏறும் இடத்தைக் குறியாக வைத்து, பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிளம்பும் நேரத்தைப் போடுவது நல்லது. காட்பாடி தடத்தில் அது சி.எம்.சி. நிறுத்தமாக இருக்கலாம். எக்ஸ்பிரஸ் வண்டிகளைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கணியம்பாடியில் நிற்காத திருவண்ணாமலை எக்ஸ்பிரஸ் அங்கே நிற்பவருக்குப் பஸ்ஸே இல்லை.

இத்தனையும் காகிதக் கணக்கு. ரோட்டில் பல கைகள் இருக்கின்றன. அரசு வண்டிகள் இருக்கின்றன. பழைய ஆட்கள் பட்டுக்கோட்டை அழகிரி கழகம் என்று நினைவு வைத்திருப்பது, இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தில் வேலூர் மண்டலம். தனியார் பஸ்கள் இருக்கின்றன. காட்பாடி பக்கம் ஆந்திர அரசு வண்டிகளும் வருகின்றன. தனியாருக்குப் பெர்மிட்டோடு டைமிங்கும் சேர்த்தே கிடைக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆம் பிரிவில், ஒப்புதல் பெற்ற நேரத்திலிருந்து வண்டி எவ்வளவு விலகலாம் என்று வரம்பு விதிக்கப் போக்குவரத்து ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நேர அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் எழுதிவைக்க வேண்டும் என்றும் நிபந்தனை போடலாம். எத்தனை நிறுத்தத்தில் அப்படிப் பார்த்திருக்கிறோம் என்று கேட்காதீர்கள். அப்புறம், 1989வரை இந்தக் கண்ணமங்கலம் ரோடு முழுவதும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். இன்று கண்ணமங்கலம், ஆரணி, போளூர் எல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்தில். ஒரே ரோட்டுக்கு இரண்டு மாவட்ட அலுவலகங்கள்.

நேரத் தகராறு ஏன் வருகிறது என்பதும் இடைவெளிக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யார்? அதற்கு முன்னால் போன பஸ்ஸுக்குப் பிறகு நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அப்படியானால் முன்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு கலெக்‌ஷன். அடுத்த வண்டிக்கு இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பிவிட்டால் அதன் கூட்டத்தையும் அள்ளிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஒரு நிமிடத்துக்காகச் சண்டை போடுவது வீம்புக்காக இல்லை. இடைவெளியைச் சமமாகப் பங்கிட்டால் கலெக்‌ஷனும் ஏறக்குறைய சமமாகப் பங்காகிவிடும். இதைத் தனியார் முதலாளிகளுக்குப் புரியவைத்தால் பாதிச் சண்டை தீரும் என்று நினைக்கிறேன்.

2021 முதல் இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கிறது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாணவர்களின் இலவச பாஸ் செல்லுபடியாவதும் அரசு வண்டியில்தான். ஆகவே ஒரே நிறுத்தத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு இடைவெளிகள். மணிக்கு மூன்று அரசு டவுன் பஸ், மூன்று தனியார் பஸ் என்றால், மொத்தத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது காசு கொடுத்துப் போகிறவருக்கு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரசு வண்டிகள் மட்டும்தான் கணக்கு. அரசு வண்டிகள் மூன்றும் அடுத்தடுத்து வந்து, பிறகு தனியார் மூன்று வந்தால், மொத்த இடைவெளி சமமாகவே இருந்தாலும் அவருக்கு நாற்பது நிமிட ஓட்டை விழும். ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால் இருபது நிமிடம். எனவே இரண்டு அடுக்கிலும் சமம் பார்க்க வேண்டும். அட்டவணை போடும்போது இதை முதலிலேயே கவனித்தால் செலவில்லாமல் முடியும்.

நேரத்தை எவ்வளவு நன்றாகப் போட்டாலும் ரோட்டில் அது தானாகவே கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வண்டி பாலத்தில் ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டால், அதற்குள் விருதம்பட்டு நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் ஏறி இறங்கவே நேரமாகும், இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கோ ஆளே இல்லை, விரைவாக வந்து ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964லேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். இதற்கு வழி, நடுவில் ஓரிடத்தில் முந்தி வந்த வண்டியை ஒன்றிரண்டு நிமிடம் பிடித்துவைத்து அனுப்புவது. பழைய பஸ் ஸ்டாண்டு அதற்குத் தோதான இடம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் சத்தம் போடுவார்கள்தான். அதனால் பாதிப் பேர் இறங்கி ஏறுகிற இடமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. காட்பாடி–பாகாயம் போல அடிக்கடி பஸ் வரும் தடத்தில் யாரும் நேரம் பார்த்து நிறுத்தத்துக்கு வருவதில்லை. அங்கே 8:07 என்று எழுதிவைப்பதில் பயன் குறைவு, இடைவெளியைக் காப்பாற்றும் ஆள் இருந்தால் போதும். மணிக்கு ஒன்றிரண்டு மட்டுமே ஓடும் கிளைத்தடத்தில் இது தலைகீழ். அங்கே அச்சிட்ட நேரமும், அந்த நேரத்துக்கு முன்னால் கிளம்பாமல் இருப்பதும்தான் உயிர். இரவின் கடைசி நடைக்கு இன்னும் வேறு விதி. அப்போது வண்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்கக் கூடாது, கண்ணமங்கலத்தில் ஒன்றாக நிறுத்தி, இறங்கி மாறுகிறவர்கள் மாறியபின் பிரிந்து போகவிட வேண்டும்.

உங்கள் ஊர் நிறுத்தத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். காலை 8 முதல் 10 வரை உட்கார்ந்து, நின்று ஏற்றிக்கொண்டு போன ஒவ்வொரு வண்டிக்கும் நேரம், போகும் ஊர், அரசா தனியாரா என்று எழுதுங்கள். அடுத்தடுத்த நேரங்களைக் கழித்தால் இடைவெளிகள் கிடைக்கும். ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நிமிடத்தின் இரு மடங்கால் வகுத்தால் உண்மையான சராசரிக் காத்திருப்பு. இடைவெளிகள் சமமாக இருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை நாளில் இரண்டு மூன்று முறை செய்தால் போதும். கூடுதல் பஸ் கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், மனுவில் எந்த ரூட்டின் எந்த நடையை எத்தனை நிமிடம் நகர்த்த வேண்டும் என்று எழுதி, அந்தப் பட்டியலையும் இணைத்துக் கிளை மேலாளரிடமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் தனித்தனியே கொடுங்கள். ஒருவர் கையில் அரசு வண்டிகளின் நேரம், இன்னொருவர் கையில் தனியாரின் நேரம்.